எந்தப் போர்டுக்கு?

பழுதான பொருளைக் கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வந்து நிற்பவரை அவர் திருப்பி அனுப்பினால், அதையும் பெரும்பாலோர் நியாயம் என்றே சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. பொருளில் எந்தக் குறையும் இல்லை. வாங்கியவரின் தேவையும் அப்படியே இருக்கிறது. ஆனால் அவரிடமுள்ள இயந்திரத்தில் அது பொருந்தாது. கணினி உதிரிபாகங்களில் இது அன்றாடம் நடப்பது. சாக்கெட் மாறிய பிராசஸர், லேப்டாப்புக்கென்று வாங்கிய டெஸ்க்டாப் ரேம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தும், என்விஎம்இ என்னும் வகைக்குரிய ஸ்லாட்டில் வேலை செய்யாத சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் பாகம்) என்று இவ்வகைப் பொருத்தமின்மைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொருளும் நல்லது, வாங்கியவரும் ஏமாற்றுக்காரர் அல்லர் என்னும்போது நட்டத்தை யார் ஏற்பது? சென்ற ஆண்டின் நடுவில் எங்கள் வீட்டுக்குள் வந்த இந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கிறது.

சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. ஆண்டு முடிவில் இருப்புப் பட்டியலைச் சரிபார்க்கச் செல்லும்போது, பல அலுவலகங்களில் ஏதேனும் ஒரு மேசை இழுப்பறையில் இத்தகைய பாகங்கள் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். உறை பிரிக்கப்பட்டு, ஒருமுறை செருகிப் பார்க்கப்பட்டு, பொருந்தவில்லை என்று தெரிந்ததும் மறுபடி உறைக்குள் போடப்பட்டவை அவை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். விற்பதற்கு யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி, வாங்கியபோது எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவையும், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டதையும், விட்டுக்கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு அது ஏட்டில் ஒரு வரி. அடுத்த ஆண்டு மறந்துபோகும். சொந்தச் சேமிப்பில் வாங்கிய மாணவனுக்கு அப்படி மறக்க முடிவதில்லை.

ஒரே பிராசஸர், இரண்டு வகை நினைவகம்

என் அக்காள் மகன் எங்கள் வீட்டில் தங்கிக் கட்டடக்கலை படிக்கிறான். அவனிடம் இருப்பது இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5 பிராசஸரும் பி760 வகை மதர்போர்டும் (பாகங்கள் எல்லாம் அமரும் தாய்ப்பலகை) கொண்ட டெஸ்க்டாப். அதிலிருந்த 8 ஜிபி ரேம் முப்பரிமாண வரைபடங்களுக்குப் போதாமல் திணறியது. மூத்த மாணவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுத்துச் சேர்த்த பணத்தில், நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, இணைய அங்காடி ஒன்றில் 16 ஜிபி ரேம் ஒன்றை வருவித்தான். டிடிஆர் என்பது ரேமின் வகைப் பெயர், அதன் பின்னுள்ள எண் தலைமுறையைக் குறிப்பது. வந்தது டிடிஆர் 5. அவனுடைய போர்டில் இருப்பதோ டிடிஆர் 4 ஸ்லாட்.

இதை அவனுடைய கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவன் பார்க்காமல் வாங்கவில்லை, பார்த்துத்தான் வாங்கினான். பிராசஸரின் விவரப் பக்கத்தைத் திறந்து படித்திருக்கிறான். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் எல்ஜிஏ 1700 என்னும் ஒரே சாக்கெட்டில் அமர்பவை. அவை டிடிஆர் 4, டிடிஆர் 5 இரண்டோடும் இயங்கும் என்றே அப்பக்கங்கள் சொல்கின்றன, அது உண்மையும்கூட. ஆனால் இரண்டில் எது என்பதை முடிவு செய்வது மதர்போர்டு. ஒரே சிப்செட், ஏறக்குறைய ஒரே பெயர், ஒரே தோற்றம் கொண்ட இரண்டு போர்டுகளில் ஒன்று டிடிஆர் 4 ஸ்லாட்டோடும் மற்றொன்று டிடிஆர் 5 ஸ்லாட்டோடும் வருகிறது. சில போர்டுகளில் பெயரின் கடைசியில் வரும் 'டி4' என்ற ஈரெழுத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது. அந்தப் பெயரும் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பிராசஸர் இரண்டையும் ஏற்கும் என்று படித்தவன், புதியதைத் தேர்ந்தெடுத்தான்.

இரண்டு வகை ரேமுக்கும் நீளம் ஒன்று; அடியிலுள்ள தொடுமுனைகளும் இரண்டிலும் 288தான். டிடிஆர் 4 இயங்குவது 1.2 வோல்ட்டில், டிடிஆர் 5 இயங்குவது 1.1 வோல்ட்டில். முன்னதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சீர்செய்து கொடுப்பது மதர்போர்டு. பின்னதில் அந்த வேலையைச் செய்யும் சிப் ரேமிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அடிவிளிம்பிலுள்ள வெட்டைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவன் அழுத்திப் பார்க்கவில்லை. ஸ்லாட்டின் மேல் வைத்ததும் வெட்டு நேராக வராததைக் கவனித்து, அப்படியே எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் பிளாஸ்டிக் உறை கத்தரிக்கப்பட்டுவிட்டது. அந்த வகை உறையை ஒருமுறை வெட்டினால் பழையபடி ஒட்ட வழியில்லை.

பழுது என்று போடச் சொன்னார்கள்

அங்காடியின் பக்கத்தில் ஏழு நாள்களுக்குள் மாற்றித் தரப்படும் என்று எழுதியிருந்தது. மாற்றித் தருவது என்றால் அதே பொருளின் இன்னொரு துண்டைத் தருவது என்று பொருள். பணத்தைத் திருப்பித் தருவதோ வேறு வகையைத் தருவதோ அதில் அடங்காது. பொருந்தாத ரேமுக்குப் பதிலாக இன்னொரு பொருந்தாத ரேம் எதற்கு? காரணங்களின் பட்டியலில் பழுது, உடைந்து வந்தது, வேறு பொருள் வந்தது என்பவை இருந்தன. 'என் இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை' என்ற ஒரு காரணம் இல்லை.

அவனுடைய நண்பர்கள் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: பழுது என்று போடு, பேசிப் பார்த்தால் பணமே வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான் என்றும் சொன்னார்கள். நான் அதற்கு ஒப்பவில்லை. அவனுக்கு என்மேல் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் எனக்குப் புரியாமலும் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு இடமே வைக்காத ஒரு படிவம், உள்ளே வருபவரைப் பொய்யின் பக்கம் தள்ளுகிறது. ஆனால் அந்தப் பொய்யின் விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பெரிய அங்காடிகளில் பொருளை விற்பவர் பெரும்பாலும் எங்கோ ஒரு நகரத்தில் சிறு கிடங்கு வைத்திருக்கும் வியாபாரி. பழுது என்று திரும்பி வந்த நல்ல ரேமை அவர் புதியதாக விற்கவும் முடியாது, பழுது இல்லாததால் கம்பெனியில் மாற்றிக்கொள்ளவும் முடியாது. அப்படிப்பட்ட வியாபாரிகளின் கணக்கு ஏடுகளில் இந்த நட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அதற்குள், குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். ஆகவே விற்ற பொருள் எக்காரணத்தைக் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சுவரில் எழுதி மாட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்கு அந்தப் பலகை கடைக்காரரைக் காப்பாற்றாது. அதே மாதத்தில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கின்றன: பொருள் பழுதானதாகவோ போலியானதாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் அதில் இல்லாவிட்டாலும், சொன்ன நாளைக் கடந்து வந்து சேர்ந்தாலும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. எங்கள் ரேம் பழுதில்லை, போலியில்லை, விளம்பரத்தில் சொன்னபடியே டிடிஆர் 5, சொன்ன நாளில் வந்தது. சட்டம் கைநீட்டும் எந்த இடத்திலும் நாங்கள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்திருந்தால் கதை வேறு. அங்கே 2014 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, இணையத்தில் வாங்கிய பொருளை, சில விலக்குகள் நீங்கலாக, 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் விலக்கிக்கொள்ளலாம். பொருளின் தன்மையை அறியத் தேவையான அளவைக் கடந்து அதைக் கையாண்டு மதிப்பைக் குறைத்தால், அந்தக் குறைவை மட்டும் வாங்கியவர் ஏற்க வேண்டும். காரணம் கேட்கப்படாத இடத்தில் பொய்க்கு வேலை இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்வது. கடைக்கு நேரில் சென்று வாங்கியதற்கு இந்த உரிமை அங்கும் கிடையாது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும், விற்பவரிடம் கேட்டறியும் வாய்ப்பும் கடையில் உண்டு, இணையத்தில் இல்லை என்ற வேறுபாட்டின் மேல் அந்த விதி நிற்கிறது.

ரிச்சி தெருவில்

அங்காடி வழி அடைபட்டதும், ரேமை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையிலிருந்து திரும்பினால், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துக்கொண்டு விரியும் அந்தச் சந்தையில் கிடைக்காத மின்னணுப் பொருள் இல்லை என்பார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பிரிண்டர் பழுதுபார்க்கும் பையன் சொல்லி, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சிறு கடைக்குச் சென்றோம். அறுபதை ஒட்டிய வயதுள்ள ஒருவர் உள்ளே அமர்ந்திருந்தார். இதை எடுத்துக்கொள்வீர்களா என்று நான் தொடங்குமுன் அவர் ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "தம்பிகிட்ட இருக்கிறது என்ன போர்டு?" என்று கேட்டார். அவன் சொன்னான். "அது டி4 ஆச்சே" என்றார் உடனே.

அவர் சொன்ன விலை, வாங்கிய விலையில் பாதியைச் சற்றே தாண்டியது. அவன் முகம் வாடியது. அதைப் பார்த்து அவர் விலையை உயர்த்தவில்லை; ஆனால் அந்த விலை எப்படி வருகிறது என்பதை உட்காரவைத்து விளக்கினார். அவர் சரக்கு எடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பழுதுக்கு மட்டுமே மாற்றித் தருவார். உறை வெட்டிய ரேமைப் புதியது என்று விற்க முடியாது. பழையது என்று விற்றால் அதற்குத் தாமே சில மாதங்கள் பொறுப்பேற்க வேண்டும். நிலைமின்னால் சிப் பழுதாகியிருந்தால் அது உடனே தெரியாமல் பிறகு தலைகாட்டவும் கூடும். ரேமின் ரேட் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விற்கும் நாளில் புதியதன் விலையே இறங்கியிருந்தால் கையைவிட்டுப் போகும். மருந்துக் கடைக்காரர் வெட்டாத அட்டையைத் திரும்பப் பெறுவார், வெட்டியதைப் பெறமாட்டார். அதற்கு மருந்து கெட்டுவிட்டது என்பது காரணமல்ல, அடுத்து வாங்குபவருக்கு உறுதி சொல்ல வழியில்லை என்பதே காரணம். அவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

நானும் என் பங்குக்குக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவரிடமே வாங்கிய பொருளாக இருந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் வரவுச் சீட்டு (கிரெடிட் நோட்) எழுதி, செலுத்திய 18 விழுக்காடு வரியைச் சரிசெய்துகொண்டு, வேறு பொருளைக் கொடுத்திருக்கலாம். தெரிந்த கடைகளில் பணமாகத் தராமல் அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேறொருவர் விற்ற பொருளுக்கு அந்த வழி கிடையாது. பழைய பொருளாக வாங்கி விற்றால், ஜிஎஸ்டி விதிகளில் 32(5)ஆம் விதியின்படி தம் இலாபத்துக்கு மட்டும் அவர் வரி கட்டலாம். அது அவருக்குச் சற்று ஆறுதல்; ஆனால் அது எங்கள் விலையைப் பெரிதாக உயர்த்திவிடாது. அவர் சொன்னது நேர்மையான விலை என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

அவரிடம் விற்கவில்லை. ஆனால் அவர் எங்களுக்கு ஒரு பெரிய உதவியைச் செய்தார். மாறி வாங்கிய பாகத்தை விற்பதில் ஒரு தனி இடர் இருக்கிறது. பழைய ரேமை விற்பவர் அது ஓடுவதைத் தம் கணினியிலேயே காட்டலாம், பொருந்தாத ரேமை வைத்திருப்பவரால் அதை ஓட்டிக் காட்டவே முடியாது. அவர் தம் மேசைமேல் திறந்த நிலையில் இருந்த டிடிஆர் 5 போர்டு ஒன்றில் அதைச் செருகி, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் என்னும் ரேம் சோதனை நிரலை ஓட்டினார். முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்து, பிழை இல்லை என்று காட்டிய திரையைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காசு வாங்கவில்லை. "டி4 எடுக்கும்போது இங்க வாங்க, போதும்" என்றார்.

வாங்க வந்தவரின் கணினி

ஓஎல்எக்ஸில் விளம்பரம் கொடுத்தோம். முதலில் வந்த அழைப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொருளைப் பார்க்காமலே முழு விலைக்கும் ஒப்புக்கொண்டு, பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னவர்கள் இருந்தார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம் என்பதை அவனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். அந்த அழைப்புகளை அத்தோடு முடித்துக்கொண்டோம்.

பிறகு அரக்கோணத்திலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். திருமணப் படங்களை ஆல்பமாக்கிக் கொடுக்கும் சிறிய ஸ்டூடியோவில் வேலை செய்பவர். கணினி மிகவும் மெதுவாக ஓடுகிறது, படங்களைத் திறக்கவே நேரமாகிறது, முகூர்த்த நாள்கள் நெருங்குகின்றன என்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "16 ஜிபி ரேம்தானே அக்கா?" ஆம் என்றேன். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. அன்று பிற்பகலே ரயிலில் வந்து, கையில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த என் அக்காள் மகனின் முகத்தில் பல நாள்களாகக் காணாத நிம்மதி தெரிந்தது.

போனை வைக்கப்போன நேரத்தில்தான் ரிச்சி தெருப் பெரியவர் முதலில் கேட்ட கேள்வி எனக்குள் எழுந்தது. "தம்பி, உங்க கம்ப்யூட்டர் என்ன மாடல்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, டெல் கம்பெனி சிஸ்டம், அலுவலகத்தில் ஓட்டிப் பிறகு விற்றதை வாங்கினேன் என்றார். முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆப்டிபிளெக்ஸ் 9020. பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் இத்தகைய கணினிகள் சிற்றூர்களின் ஸ்டூடியோக்களையும் ஜெராக்ஸ் கடைகளையும் தாங்கி நிற்பவை, நல்ல உழைப்பாளிகள். ஆனால் அந்த மாடல் 4ஆம் தலைமுறை பிராசஸர் கொண்டது. அதற்குரியது டிடிஆர் 3, 240 தொடுமுனைகள் கொண்ட வேறு வகை ரேம். நாங்கள் வைத்திருந்தது அதற்கு இரண்டு தலைமுறை பிந்தையது.

அந்தச் சில நிமிடங்களை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் எவர்மேலும் எந்தக் குற்றமும் விழுந்திருக்காது. விளம்பரத்தில் டிடிஆர் 5 என்றுதான் எழுதியிருந்தோம். அவர் 16 ஜிபியா என்று கேட்டார், அது 16 ஜிபிதான். அங்காடி எங்களிடம் சொன்ன ஒவ்வொரு வாதத்தையும் நாங்கள் அவரிடம் அப்படியே சொல்லியிருக்கலாம்: பொருள் நல்லது, விளம்பரத்தில் சொன்னபடியே இருக்கிறது, மாடலைப் பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எங்கள் வீட்டில் இருந்த தவறான பொருள் இன்னொருவர் வீட்டில் தவறான பொருளாகவே போய் இருந்திருக்கும். அவருக்கு எங்களைவிடக் குறைந்த வாய்ப்புகளும் கூடுதல் அவசரமும் இருந்தன. அழைத்துச் சொன்னேன். அவருடைய கணினிக்கு டிடிஆர் 3 ரேம் பழையதாகவே மலிவாகக் கிடைக்கும், மாடலைச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். ரிச்சி தெருப் பெரியவரின் கடையையும் சொன்னேன்.

"சித்தி, அவர்தானே அதைக் கேட்டிருக்கணும்?" என்றான் அவன், போனை வைத்த பிறகு. கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டான். எதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் அவர் நம்மை அழைத்திருக்கவே மாட்டாரே என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விளம்பரத்தைத் திறந்து, முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தான்: மதர்போர்டின் பெயரைச் சொன்ன பிறகே விலை பேசப்படும். அந்த வரி வந்ததும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. எத்தனை பேர் தங்கள் போர்டின் பெயர் தெரியாமலேயே ரேம் வாங்கக் கிளம்பியிருந்தார்கள் என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகுதான், பல ஆண்டுகளுக்கு முன் தேர்வுக்காகப் படித்த 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவின் பொது விதி. ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது. பொருள் எதற்காகத் தேவை என்பதை வாங்குபவர் விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையையும் தீர்மானத்தையும் நம்பி வாங்கினால், அப்பொருள் விற்பவரின் வழக்கமான வியாபாரத்தைச் சேர்ந்ததாகவும் இருந்தால், அந்த நோக்கத்துக்கு அது தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வாய்விட்டுச் சொல்லாமலே அந்த விற்பனையில் அடங்கிவிடுகிறது. வணிகப் பெயரைச் சொல்லி இன்ன பொருள் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கமாக வியாபாரம் செய்யாத எங்களைப் போன்றவர்கள் விற்கும்போதும் இல்லை. ஆகவே அரக்கோணத்து இளைஞரிடம் சட்டப்படி எனக்கு எந்தக் கடமையும் இருக்கவில்லை.

ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுள்ள அந்தப் பிரிவை ரேம் வாங்குவதற்குப் பொருத்திப் பார்த்தால், நான் தேடிய விடையின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. கடையில் நின்று '16 ஜிபி டிடிஆர் 5, இன்ன கம்பெனி' என்று கேட்டு வாங்குபவர் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்கிறார். 'இந்த போர்டுக்கு ஒரு ரேம் கொடுங்கள்' என்று கேட்பவர் பொறுப்பைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கிறார். இரண்டாம் வகையில் பொருந்தாத ரேமைக் கொடுத்துவிட்டு, திரும்பப் பெறப்படமாட்டாது என்ற பலகையைக் காட்டினால், அது நியாயமாகாது. இணைய அங்காடியின் பக்கத்திலோ, அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆளில்லை, பதிலைச் சொல்லவும் இடமில்லை. வாங்குபவர்கள் எல்லோரும் எப்போதும் முதல் வகையாகவே நடத்தப்படுகிறார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ரேம் தயாரிக்கும் நிறுவனங்கள் சில, மாடலைத் தந்தால் பொருந்தும் ரேமைக் காட்டும் வசதியைத் தங்கள் தளங்களில் பல ஆண்டுகளாக வைத்திருக்கின்றன. மதர்போர்டு நிறுவனங்கள் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலை ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடுகின்றன. தகவல் இருக்கிறது, நுட்பமும் இருக்கிறது. பணம் செலுத்துமுன் உங்கள் போர்டு எது என்று ஒரு வரி கேட்டுவிட்டு, அதன்பிறகு திரும்பப் பெறமாட்டோம் என்று சொன்னால் நான் அதை முழு மனத்தோடு ஏற்பேன். கேட்காமல் விற்பவர்கள், ஐரோப்பாவில் போல, காரணம் கேட்காமல் திரும்பப் பெறவும் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ரேம் கடைசியில் தரமணியில் வேலை செய்யும் ஒருவருக்கு விற்றது. அழைத்ததும் தம் போர்டின் பெயரைச் சொன்னார், டிடிஆர் 5தான். சோதனைத் திரையின் படத்தை முதலிலேயே அனுப்பியிருந்தோம். வாரண்டிக்குத் தேவைப்படும் என்பதால் பில்லையும் கொடுத்தோம், அவனுடைய கைப்பேசி எண்ணையும் முகவரியையும் மறைத்து, பில் எண், தேதி, சீரியல் எண் மட்டும் தெரியும்படி. வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நட்டம். அந்தப் பணத்தோடு ரிச்சி தெருவுக்கே சென்று டிடிஆர் 4 வாங்கினோம்.

ஆண்டின் இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய நினைவகங்களை நோக்கித் தயாரிப்பாளர்கள் திரும்பிவிட்டார்கள். குரூஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக நினைவகத் தயாரிப்பு நிறுவனமான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் விற்ற ரேமின் விலை நாங்கள் நினைத்தும் பார்க்காத உயரத்துக்குப் போனது. வைத்திருக்கலாமோ என்று அவனுக்கு ஓர் ஏக்கம். எனக்கு அது இல்லை. எங்கள் இழுப்பறையில் வீணாகக் கிடப்பதைவிட, பொருந்தும் போர்டில் அது ஓடிக்கொண்டிருப்பதே நல்லது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த நாள்களில் பெரியவரின் கடைப் பக்கம் போனபோது, இப்போது கொண்டுவந்திருந்தால் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொண்டிருப்பேன் என்றார். அதே ரேம், அதே வெட்டிய உறை. அடுத்தவருக்கு உறுதி சொல்ல முடியாது என்ற காரணம் மாறவில்லை. இறங்கும் விலைக்கான அச்சம் மட்டும் போய்விட்டது. பலகைகளில் எழுதியிருப்பதன் பெரும்பகுதி அந்த அச்சம்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதை அவர் மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் மதிப்புக் கூடியது.

நான் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களில் கணினிப் பாகங்கள் வாங்கும் சீட்டில் 'எந்த இயந்திரத்துக்கு' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். லேப்டாப்பாக இருந்தால் அதன் மாடல், டெஸ்க்டாப்பாக இருந்தால் மதர்போர்டின் முழுப் பெயர், கடைசி ஈரெழுத்து உட்பட. கடையிலும் அதே பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறோம். 16ஆம் பிரிவு சொல்லும் 'தெரியப்படுத்துதல்' நடந்தது என்பதற்கு அதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் கேட்டதும் எழுதிக் கொடுத்தார். வேறு சில கடைகளில் சிஸ்டத்தில் அதற்கு இடமில்லை என்கிறார்கள். பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பார்க்கிறோம். அதற்கும் மறுக்கும் கடையில் வாங்குவதில்லை.